பன்னிரண்டாவது வரிசை

எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸ் அறையின் இரும்புக் கதவில் மஞ்சள் சாக்கட்டியால் எழுதிய ஒரு கணக்கு பல வருஷம் இருந்தது. இருபதும் ஒன்பதும் இருபத்தொன்பது. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, பாதியாக்கி, 174 என்று அடிக்கோடு. சாரல் பட்டு மங்கும்போதெல்லாம் அதே எழுத்தின் மேல் நான் மறுபடி எழுதிவிடுவேன். முதலில் எழுதியவர் எங்கள் ஸ்டோர்ஸ் சார். சேலையூரிலிருந்து பைக்கில் வருவார். அவருக்கு அப்போது இருபத்துநாலு வயது, எனக்கு முப்பத்தெட்டு. பதவிக்காக நான் அவரை சார் என்பேன். வயசுக்காக அவர் என்னை அக்கா என்பார்.

திருமுடிவாக்கத்தில் பைப்பை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்துக் கொடுக்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில் ஹெல்பர். அம்மா படுக்கையில் விழுந்ததில் எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கூட்டல் வரும், பெருக்கல் வரும், ஆனால் வந்த விடையை நம்ப வராது. மேற்குத் தாம்பரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டு, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளிடம்தான் பைப் எண்ணுகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

லாரியில் வருகிற இருபதடி பைப்புகளைக் கீழே ஒரு வரிசை பரப்பி, அவற்றுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களில் அடுத்த வரிசையை ஏற்றுவார்கள். அதனால் மேலே போகப் போக வரிசைக்கு ஒரு பைப் குறையும். ஒவ்வொரு பைப்பின் வாயிலும் சாக்கட்டியால் புள்ளி வைத்து நான் எண்ணுவேன். ஒரு தடவை 163 வரும், அடுத்த தடவை 166 வரும். மூன்றாம் தடவைக்குக் குனியும்போது கேட்டிலிருந்து வாட்ச்மேன் அண்ணா, "இன்னாமா, பைப்புக்கெல்லாம் பொட்டு வச்சு முட்ச்சியா? முகூர்த்தத்துக்கு நேரமாவுது" என்பார்.

சார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நின்று பார்த்தார். "அக்கா, நடு வரிசையை மட்டும் எண்ணுங்க. மொத்தம் எத்தனை வரிசைன்னு பாருங்க. ரெண்டையும் பெருக்குங்க, அவ்ளோதான்" என்றார். பதினோரு வரிசை. நடுவில் இருந்த ஆறாவது வரிசையில் பதினைந்து. ஆக 165. நடுவுக்கு மேலே ஒன்று குறைந்தால் கீழே ஒன்று கூடுகிறது, மேலே இரண்டு குறைந்தால் கீழே இரண்டு கூடுகிறது, ஆகவே எல்லா வரிசையிலும் பதினைந்து என்றே வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். அன்றைக்கு எனக்கு நிமிர்ந்து நிற்க முடிந்தது. சரிந்துவிடும் என்று பயந்து முதலாளி பதினோரு வரிசைக்கு மேல் ஏற்ற விடமாட்டார், இடம் வீணாகும் என்று அதற்குக் குறைக்கவும் விடமாட்டார். எந்த அடுக்கு வந்தாலும் நான் நேராக ஆறாவது வரிசைக்குப் போகப் பழகிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை யார்டில் இடம் போதாமல் ஒரு வரிசை கூடுதலாக ஏற்றினார்கள். அடியில் இருபது, உச்சியில் ஒன்பது. பில்லில் 174 என்று இருந்தது. மறுநாள் சார் லீவு. நான் மேலிருந்து ஆறாவது வரிசையை எண்ணினேன், பதினாலு. வரிசை பன்னிரண்டு. 168 வந்தது. திரும்பப் பார்த்தேன், 168. இன்னொரு தடவையும் 168. மூன்று தடவை எண்ணி மூன்றும் ஒன்றாக வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதனாலேயே நம்பினேன். ஆறு குறைகிறது என்று சீட்டு எழுதி முதலாளி மேஜையில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் முதலாளி வாட்ச்மேன் அண்ணாவைக் கூப்பிட்டார். கேட்டைத் தாண்டாமல் பைப் எங்கே போகும், திங்கட்கிழமை சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பு என்றார். "இருபது அடி பைப்பு சார். அதுல ஆறு. மட்ச்சு டிபன் பாக்ஸ்லயா எட்துகினு போனேன்?" என்று மட்டும் அண்ணா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்த வருஷம்தான் அவர் பெண்ணை நர்சிங்கில் சேர்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சுரீரென்றது. நான் எண்ணிய வரிசைக்கு மேலே ஐந்து, கீழே ஆறு. பன்னிரண்டில் நடு வரிசை ஏது? திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலில் திருநீர்மலை வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. என் கணக்கு சரியென்றால் அண்ணாவுக்கு வேலை போகும், தப்பென்றால் எனக்குப் போகும். பைப் பைப்பாகப் புள்ளி வைத்து எண்ணினேன். 174.

சார் வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, சொல்லிவிட்டேன். அவர் அடுக்கின் வரிசைகளை விரல் நீட்டி எண்ணினார். "வாங்கக்கா" என்று முதலாளி அறைக்குக் கூட்டிப்போனார். வாட்ச்மேன் அண்ணா சாவிக்கொத்தோடு அங்கேதான் நின்றிருந்தார். "எட்டாவது படிச்ச பொம்பளைய எண்ணச் சொன்னா இப்படித்தான்" என்று முதலாளி ஆரம்பித்தார். சார் குறுக்கே பேசினார். "அவங்க நான் சொன்னதைத்தான் சார் செஞ்சாங்க. வரிசை ரெட்டைப்படையில வந்தா நடு வரிசை இருக்காதுன்னு நான் சொல்லல. அரைகுறையாச் சொல்லிக்குடுத்தது நான். தப்பு என்னோடது."

அவர் வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம் அது. "அப்புறம் டிப்ளமா எதுக்குய்யா?" என்று முதலாளி கேட்டதற்கு சார் தலைகுனியாமல் நின்றார். கடைசியில் முதலாளி அண்ணாவிடம், "போய் கேட்டைப் பாரு" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நான்தான் வெளியே வந்து அண்ணாவிடம் கேட்டேன். "உன்னாலதான் போவ இருந்தேன், உன்னாலதான் நிக்கிறேன். வுடு. ஒரு டீ வாங்கிக் குடு, ஆறு பைப்பு" என்றார். இன்றுவரை அவருக்கு என் பெயர் ஆறு பைப்புதான்.

அன்றைக்குத்தான் சார் கதவில் எழுதினார். "இதே மாதிரி இன்னொரு அடுக்கைத் தலைகீழாப் பக்கத்துல வச்சதா நினைச்சுக்குங்க. கீழ இருபதோட ஒன்பது சேரும், அதுக்கு மேல பத்தொன்பதோட பத்து சேரும். எல்லா வரிசையும் இருபத்தொன்பது. பன்னிரண்டால பெருக்கினா ரெண்டு அடுக்கு. நம்மளோடது அதுல பாதி. ஒத்தையோ ரெட்டையோ, இது நிக்கும்."

"இது எங்க நிக்காது சார்?" என்று கேட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம் யோசித்தார். "மேல் வரிசை ரொம்பாம பாதியில நின்னா செல்லாது. நடுவுல யாராவது ஒண்ணை உருவியிருந்தாலும் செல்லாது. பார்த்துட்டுக் கணக்குப் போடுங்க." என்னுடைய பயத்தைக் கேலி செய்யாமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தவர் அவர் ஒருத்தர்தான்.

சார் இப்போது வேறு கம்பெனியில், வேறு ஊரில் இருக்கிறார். ஸ்டோர்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்க இன்றும் திரும்பிப் போகிறேன். ஆனால் பைப் கணக்கைச் சீட்டில் எழுதிவிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. போன ஆயுத பூஜைக்குக் கதவுக்கு நீல பெயிண்ட் அடித்தார்கள். "இதை அழிச்சிடலாமா அக்கா?" என்று பெயிண்டர் கேட்டபோது அடிக்கச் சொல்லிவிட்டேன். காய்ந்த பிறகு மஞ்சள் சாக்கட்டியை எடுத்தேன். எங்கெங்கே செல்லாது என்பதை முதலில் எழுதினேன். அதற்குக் கீழே இருபதும் ஒன்பதும் எழுதி, 174க்கு அடியில் சார் போட்டது போலவே ஒரு கோடு போட்டேன்.