ஏரலில் நடத்திய ஆப்பிரிக்கப் பாடம்

தூத்துக்குடியில் ஒரு கலைக் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாம் ஆண்டில் ‘உலக வட்டாரப் புவியியல்’ என்று ஒரு தாள் உண்டு. கண்டம் கண்டமாகப் போகும். அமைவிடம், நிலத்தோற்றம், காலநிலை, கனிமங்கள், தொழில்கள் என்று ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரே வரிசை. தேர்வுக்கு அது வசதி. ஆனால் மார்ச் மாதம் வருவதற்குள் பிள்ளைகளின் தலையில் பிரேசிலின் காபியும் கென்யாவின் காபியும் கலந்துவிடும்.

எங்கள் வகுப்பறை மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். வானம் வெளிறாமல் இருக்கும் நாட்களில், உள்ளே வர முறை கிடைக்காமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களும் தெரியும். அதனால் நான் பாடத்தை அங்கிருந்தே தொடங்குவதுண்டு. “அந்தக் கப்பல்ல வர்ற நிலக்கரி எங்கிருந்து வருது?” என்று கேட்பேன். இந்தோனேசியா என்று யாராவது சொன்னால் தென்கிழக்கு ஆசியாவுக்குள் நுழைந்துவிடலாம். முந்திரித் தொழிற்சாலைக்கு வரும் கொட்டையைக் கேட்டால் மேற்கு ஆப்பிரிக்கா. பாரசீக வளைகுடாவை நடத்தும்போது, நம் கடலில் போலவே அங்கேயும் முத்துக்குளித்தார்கள் என்றால் கடற்கரைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆற்றங்கரை ஊர்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அதுவும் தூரத்து விஷயம்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி ஆழ்வார்திருநகரி பக்கத்துக் கிராமத்துப் பெண். வீட்டில் நெல்லும் வாழையும். கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருவாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டாள். மார்கழியில் ஒருநாள், ஆப்பிரிக்காவின் காலநிலையை முடித்துவிட்டு நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எல்லாரும் போகும்வரை காத்திருந்து மேசையருகே வந்தாள்.

“மேடம், ஒரு உதவி செய்யணும். நாங்க சொன்னா நம்ப மாட்டேங்காவ. நீங்க சொன்னா நம்புவாவ.”

“யாரு நம்பணும்? எதை?”

“எங்க மயினி வீட்டுக்காரங்க. கப்பல் ஆப்பிரிக்காவச் சுத்தித்தான் போவுதுன்னு.”

உட்காரவைத்து விவரம் கேட்டேன். அவளுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். அந்தக் குடும்பத்தில் கடலுக்குப் போன முதல் ஆள் அவன்தான். ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகளை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவளைத்தான் இப்போதே மயினி என்கிறாள். தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. கப்பல் சீனாவில் இரும்பு ஏற்றிக்கொண்டு இத்தாலிக்குப் போகிறது. வழியில் எகிப்தில், சூயஸ் கால்வாய்க்கருகே, அவன் இறங்கி விமானம் பிடித்து வந்துவிடுவதாக ஏற்பாடு. செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்பதால் பல கப்பல்கள் அந்தப் பக்கமே போவதில்லை. இவன் கப்பல் போகும் என்றுதான் கம்பெனி முதலில் சொல்லியிருக்கிறது. பாதிக் கடல் தாண்டிய பிறகு வேண்டாம், தெற்கே திரும்பு என்று உத்தரவு வந்துவிட்டது. இனி ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஜிப்ரால்டர் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்து இத்தாலி போய்ச் சேர்ந்தால்தான் இறங்க முடியும். முகூர்த்தத்துக்கு வர வழியில்லை.

“அண்ணன் மெசேஜ் அனுப்பியிருக்கு. கப்பல்ல நெட் சரியா கெடைக்காது மேடம், ரெண்டு வரிதான் வரும். அதக் காட்டினதுக்கு மயினியோட சித்தப்பா, பொண்ணு பிடிக்கலைன்னா நேரா சொல்லணும், இப்படிக் கதை விடக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. எங்க அப்பாவுக்கு ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல.”

நான் தயங்கினேன். இன்னொரு வீட்டுக் கல்யாணப் பேச்சுக்குள் ஒரு வாத்தியார் நுழைவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் அவள் என்னிடம் கேட்டது சமாதானம் பேச அல்ல, பாடம் நடத்த. அதை மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உலக வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏரல் பஸ் ஏறினேன். அது துணியில் ஒட்டிய பெரிய வரைபடம். நிறுத்தினால் என் தோளுக்கு மேல் நிற்கும். “என்ன டீச்சர், பாய் வாங்கிட்டுப் போறீங்களா?” என்று கண்டக்டர் கேட்டார். உலகம் என்று சொன்னேன். “அப்ப ஓரமா வைங்க, ஏறுதவங்க மிதிச்சிரப் போறாங்க” என்றார்.

பஸ் நிலையத்தில் மாணவியும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். அவர் வெள்ளை வேட்டி சட்டையில், தன் மேல் ஏதோ வழக்கு நடப்பதுபோல் குனிந்து நடந்தார். கடைத்தெருவில் கடை, அதன் பின்னால் வீடு. பெண்ணின் அப்பா, ‘கடை அண்ணாச்சி’ என்று ஊரே கூப்பிடுபவர், எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். அவருடைய தம்பி, அந்தச் சித்தப்பா, நாற்காலியை வாசலையொட்டிப் போட்டுக்கொண்டார். பெண்ணின் அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றார். பெண் உள்ளே இருந்தாள்.

காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் வரைபடத்தைத் தொங்கவிட்டேன். கீழ்ப்பகுதி சுருண்டு சுருண்டு மேலேறியது. மாணவி போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்டார்டிகா அவள் கைக்குள் போனது.

வகுப்பில் பேசுவதுபோலவே தொடங்கினேன். சூயஸ் கால்வாய் எதை எதோடு இணைக்கிறது, அது வெட்டப்படும் முன் ஐரோப்பியர்கள் எந்த வழியாக வந்தார்கள், செங்கடலின் தெற்கு வாசல் எவ்வளவு குறுகலானது. எனக்கே நன்றாகத்தான் நடத்துவதாகத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் கடை அண்ணாச்சியின் கண் வரைபடத்தில் இல்லை, என் மேல்தான் இருந்தது. பாவம், ஞாயிற்றுக்கிழமையும் இந்தம்மா வேலை செய்கிறதே என்பதுபோல.

“டீச்சர் சொல்லுதது எல்லாம் சரி. படத்துல கோடு போட்டா எங்க வேணாலும் போவலாம்” என்றார் சித்தப்பா. “இத்தனை கப்பல் போன பாதை, திடீர்னு இல்லைன்னா எப்படி? யாரு நம்புவா?”

செய்தித்தாளில் வந்தது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வரைபடத்தைப் பிடித்திருந்த மாணவி பேசினாள்.

“சின்ன மாமா, வெள்ளத்துல நம்ம ஏரல் ஆத்துப் பாலத்துக்கு என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சு? ரோட்டோட அரிச்சிட்டுப் போச்சு.”

“அப்ப தூத்துக்குடிக்கு எப்படிப் போனீய?”

“ஆழ்வார்திருநகரி வழியா சுத்தித்தான் போனோம். கடைக்குச் சரக்கே அப்படித்தான வந்துச்சு.”

“அதே கதைதான் மாமா. இது பாலம்.” அவள் ஒரு கையை விட்டுவிட்டு சூயஸைத் தொட்டாள். வரைபடம் ஒரு பக்கம் சுருண்டது. “இது ஆழ்வார்திருநகரி.” விரல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போனது. “இந்தப் பாலம் இடியாம அங்கனயேதான் இருக்கு. ஆனா போற வழியில கப்பல அடிக்காங்க. அதான் சுத்துதாவ.”

சித்தப்பா நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். சண்டை முடிந்துவிடவில்லை, அவரிடமிருந்தே அடுத்த கேள்வி வந்தது.

“சரி, சுத்தியே போகட்டும். அந்த முனையில ஊரு கீரு ஒண்ணும் இல்லியா? அங்கன எறங்கி ப்ளேன் பிடிச்சு வந்துர வேண்டியதுதான?”

ஊர் இருக்கிறது, பெரிய ஊர்தான், ஆனால் அந்தக் கப்பலுக்கு அங்கே வேலையில்லை, கரையை ஒட்டிக்கூடப் போகாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். அதற்குள் கடை அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

“ஏலே, மதுரையிலேருந்து வாற பஸ் பைபாஸ்ல போச்சுன்னா கயத்தாறுக்குள்ள வாரானா? எறக்கி விடுன்னு கத்துனாலும் விட மாட்டான். அது மாதிரிடா.”

வீடு முழுக்கச் சிரித்தது. மாணவியின் அப்பாகூட லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அடுக்களைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பெண், அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கேட்டது என்னைத்தான்.

“டீச்சர், அந்த முனையில கடல் ரொம்ப மோசமா இருக்குமாமே. போன்ல படம் பாத்தேன். அலை கப்பலுக்கு மேல வருது.”

அவள் அந்த வழியைப் பற்றித் தனியாகத் தேடிப் பார்த்திருக்கிறாள் என்பது எல்லாருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவன் வருவானா மாட்டானா என்பதே அதுவரை அந்த அறையில் பேச்சாக இருந்தது. அவளுடைய கவலை வேறாக இருந்தது.

“குளிர்காலத்துல மோசமாத்தான் இருக்கும்மா” என்றேன். “இப்ப அங்க கோடைகாலம். அவ்வளவு பயப்பட வேண்டாம்.”

“மார்கழியில கோடையா?”

“பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் மாறித்தான் வரும். நமக்குப் பனி பெய்யும்போது அவங்களுக்கு வெயில்.”

அவள் வெளியே வந்து வரைபடத்தின் முன்னால் நின்றாள். சீனாவிலிருந்து இத்தாலி வரை ஒருமுறை காட்டச் சொன்னாள். நான் காட்டினேன். மலாக்கா, இலங்கைக்குக் கீழே, மடகாஸ்கர், தென்முனை, பிறகு மேற்குக் கரைப் பக்கமாக நெடுக வடக்கே. “நம்மளத் தாண்டித்தான் போயிருக்காவ” என்றாள் அவள், இலங்கைக்குக் கீழே விரலை வைத்து. “அன்னைக்கு மெசேஜ் வந்துச்சு. இந்தியாவுக்குக் கீழ போறோம்னு.” சொல்லிவிட்டுத்தான் தன்னைச் சுற்றி ஆட்கள் இருப்பது நினைவுக்கு வந்ததுபோல உள்ளே போய்விட்டாள்.

கடை அண்ணாச்சி பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார். மாசியில் ஒரு முகூர்த்தம் பார்த்தார்கள். மண்டபத்துக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சித்தப்பா சொன்னார். “பத்திரிகை கொடுத்த வீட்டுக்கெல்லாம் மறுபடி போவணும், அதுதான் அலைச்சல்” என்றார். அதில் பழைய கோபம் இல்லை; அலைச்சல் மட்டும்தான் இருந்தது. சாப்பிடாமல் போகக் கூடாது என்று பெண்ணின் அம்மா இலை போட்டார். மாணவியின் அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கியதை அவள் எனக்குக் கண்ணால் காட்டினாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்காக நின்றபோது அவளிடம் கேட்டேன்.

“வகுப்புல ஏன் இப்படிப் பேசுறதில்ல?”

“வகுப்புல யாருக்கும் வழி தெரியணும்னு அவசியம் இல்லியே மேடம்” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நினைத்ததைச் சொன்னாள். பஸ் வந்துவிட்டது.

அந்தப் பதிலை நான் கொஞ்ச நாள் சுமந்துகொண்டிருந்தேன். மறு வாரம் ஐரோப்பாவைத் தொடங்க வேண்டும். அமைவிடம், நிலத்தோற்றம் என்று ஆரம்பிக்காமல், இரும்பு ஏற்றிய ஒரு கப்பல் ஜிப்ரால்டருக்குள் நுழைகிறது என்று ஆரம்பித்தேன். இத்தாலி போய்ச் சேரும்வரை ஒவ்வொரு கரையிலும் என்ன விளைகிறது, என்ன மொழி பேசுகிறார்கள், இந்த இரும்பை வாங்கி என்ன செய்வார்கள் என்று போனோம். கப்பல் யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. காலையில் நான் உள்ளே நுழைந்ததும், “நெசக் கப்பல் எங்க வந்துருக்கு மேடம்?” என்று முன்வரிசை கேட்கும். நான் கடைசிக்கு முந்தின பெஞ்சைப் பார்ப்பேன். அவள் எழுந்து சொல்வாள். பாடப்பகுதி முடியவில்லை என்று துறைத்தலைவர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். அது உண்மைதான். வட ஐரோப்பாவை இரண்டே வகுப்பில் ஓட்ட வேண்டியதாயிற்று.

மாசி முகூர்த்தத்துக்கு வகுப்பே ஏரல் வந்தது. மாப்பிள்ளையை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கறுத்து மெலிந்த, அமைதியான பையன். ஆசீர்வாதம் வாங்க வந்தபோது மாணவிகள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். ஆப்பிரிக்கா எப்படி இருந்தது, மிருகம் ஏதும் பார்த்தீர்களா, தென்முனையில் மலை தெரிந்ததா என்று ஆளுக்கொரு கேள்வி.

அவன் கொஞ்சம் சங்கடப்பட்டான். “ஆப்பிரிக்காவப் பாக்கவே இல்லங்க. கரைலேருந்து ரொம்பத் தள்ளிப் போனோம். தண்ணிதான். ரெண்டு நாளு பெரிய பறவை ஒண்ணு கூடவே வந்துச்சு, அவ்வளவுதான்.”

பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்கு ஏனோ அந்தப் பதில் பிடித்திருந்தது. மணப்பெண் மட்டும் அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, “என்ன பறவை? வெள்ளையா?” என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனியில் அவன் மறுபடி கப்பலேறினான். ஆடி பிறந்த சமயம் எனக்கு ஒரு போன் வந்தது. மாணவியின் வீட்டு எண். முதலில் அவள்தான் என்று நினைத்தேன், பேசியது மயினி.

“டீச்சர், வேலையா இருக்கீங்களா? இந்தத் தடவ பிரேசில் போறாவளாம். அங்க இப்ப மழையா, வெயிலா?”

எந்தத் துறைமுகம் என்று கேட்டேன். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். வடக்கா தெற்கா என்பதையும் சேர்த்துக் கேளும்மா, பிரேசில் பெரிய நாடு, ஓரிடம் மாதிரி இன்னோரிடம் இருக்காது என்றேன். “அப்படியா?” என்று சொல்லி, பக்கத்திலிருந்த யாரிடமோ பேனா கேட்டாள்.