ஹார்ட்லி என்று சொல்ல வேண்டியவள்

எட்னா, கிழவரின் கன்னத்தில் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தாள். யார்க்‌ஷயர் மேட்டுப் பண்ணையில் படுத்த படுக்கையாகிவிட்ட ஏமஸ் ஹார்ட்லிக்குத் தினமும் சவரம் செய்து, உடம்பு துடைத்துவிடும் நர்ஸ் அவள். ஹார்ட்லி குடும்பத்தில் கடைசி ஆண் அவர்தான். தாய்வீட்டுக் குடும்பப் பெயர் அற்றுப்போகும்போது அதையே பிள்ளைக்கு முதற்பெயராக வைப்பது அங்கே வழக்கம். புதிதாக ஆண் குழந்தை பெற்றிருந்த மகள் டோரீனும் சம்மதித்திருந்தாள்; அன்று மதியம் ஞானஸ்நானம்.

"ஞானத்தாய் நீதானே? பாதிரியார் கேட்டதும் 'ஹார்ட்லி'ன்னு உரக்கச் சொல்லு. முனகாதே."

"வாயை மூடுங்க ஐயா. நுரை உள்ளே போயிடும்."

"பின்னால இருக்கே சரிவு, அது காட்டை வெட்டித் திருத்தின இடம். கலைமான் மேய வருமாம். கலைமான் வெளி, அதான் ஹார்ட்லி. முதல்ல மண்ணுக்குப் பேரு, அப்புறம்தான் எங்களுக்கு."

"நீங்க மானைப் பார்த்திருக்கீங்களா?"

"எங்க தாத்தாவே பார்த்ததில்லை."

மதியம் தேவாலயத்தில் பாதிரியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பேர் சொல்லுங்க" என்றார். ஞானத்தாய் சொல்வதுதான் பெயர். எட்னா குழந்தையைப் பார்த்தாள். போருக்குப் போய்த் திரும்பாத தன் தம்பியின் மோவாய் அப்படியே இருந்தது.

"வில்ஃப்ரெட்" என்றாள்.

தண்ணீர் ஊற்றியாயிற்று. இனி மாற்ற முடியாது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்றாள் டோரீன், வாசலுக்கு வந்ததும்.

"வாய் தவறிடுச்சு."

தவறவில்லை. தெரிந்தேதான் சொன்னாள்.

"சரி, அப்பாகிட்ட ஹார்ட்லின்னே சொல்லிடுங்க. இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போறார்?"

சாயங்காலம் கேக்கை உதிர்த்து ஊட்டும்போது கிழவர் கேட்டார்: "உரக்கச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அது போதும்" என்று கண்ணை மூடினார். அவர் நன்றாகத் தூங்கினார். எட்னாதான் தூங்கவில்லை. நோயாளியிடம் மருந்து கசக்காது என்றுகூட அவள் பொய் சொன்னதில்லை.

மறுநாள் காலை பாதிக் கன்னம் மழித்ததும் கை நின்றுவிட்டது. கத்தியைக் கழுவி எட்டத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள், தம்பியின் பெயரையும், வாய் தவறவில்லை என்பதையும்.

கிழவர் ஜன்னல் வழியே சரிவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நுரை காய்ந்துபோனது.

"மிச்சத்தையும் மழி" என்றார் கடைசியில். "மத்தியானம் பிள்ளையைத் தூக்கிட்டு வராங்க. பாதி முகத்தோட அவனைப் பார்க்கச் சொல்றியா?"

எட்னா புதிதாக நுரை அடித்தாள்.