ரஹாங்கிலிருந்து லுக்குட்: பள்ளிக்கூடத்தின் வாயை அடைக்கப் போன பயணம்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நான் ஊர் சுற்றப் போனேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். என் தம்பி தங்கராசு லுக்குட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் வாத்தியார். மறுநாள் ஜப்பான் அதிகாரி சோதனைக்கு வருகிறார், பள்ளி பிடிக்காவிட்டால் அவன் பெயர் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கான பட்டியலில் ஏறும் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொல்லியனுப்பியிருந்தார். சயாமுக்குப் போன ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை.

ரஹாங்கிலுள்ள என் வீட்டிலிருந்து பதினாறு மைல். காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் கிளம்பினேன். டயர் கிடைக்காத காலம், சக்கரத்தில் ரப்பர் குழாயைத்தான் சுற்றியிருந்தேன். இடுப்பு கழன்றே போய்விட்டது. வழியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஜப்பான் நோட்டில் இரண்டு வெள்ளி. பகல் கொள்ளை! காவல் சாவடியில் இறங்கி, குனிந்து வணங்கி, பாஸைக் காட்டி, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பெஞ்சில் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாம் கிழங்குப் பாத்தியில் கயிறு பிடித்து அளந்து, கணக்கை மண்ணில் எழுதிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் சூழ்ந்துகொண்டன. யார் வந்தாலும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம் என்பது தம்பி வைத்த வழக்கம். பிள்ளை தானே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் படிப்பாம். நாளைக்கு அதிகாரியிடமும் இப்படிக் கேட்டுவைத்தால்? தம்பியைத் தனியே இழுத்தேன்.

"டேய், நாளைக்கு ஒரு நாள் வரிசையா ஒக்கார வச்சு ஒப்பிக்க விடுடா. ஒரு பிள்ளையும் கேள்வி கேக்கக் கூடாது."

"பயங்காட்டி வாய மூட வச்சா, அப்புறம் எப்படிண்ணே தொறக்குறது?"

"நீ இங்க இருந்தாத்தானே தொறப்ப லா!"

அவன் அளவுக் கயிற்றைச் சுருட்டிவைத்தான். மதியம் முழுக்க நானே பிள்ளைகளை மிரட்டிப் பழக்கினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். பிள்ளைகள் எழுந்து வணங்கி, ஜப்பான் எழுத்துகளை ஒரே குரலில் ஒப்பித்தன. அஞ்சலை என்ற சிறுமி மட்டும் கையைப் பாதி தூக்கினாள். வாசலில் நின்ற நான் முறைத்தேன், இறக்கிவிட்டாள். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். இருபதே நிமிடம். எனக்குப் போன உயிர் திரும்பியது.

இன்று அந்த வழியே போகிறவர்களுக்குச் சாவடியும் இல்லை, குழாய்ச் சக்கரமும் இல்லை. விடியலில் கிளம்பினால் வெயிலுக்கு முன் லுக்குட் போய்விடலாம். தோட்டப் பள்ளி எதையாவது பார்க்கப் போனால், பிள்ளைகள் கேட்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

அன்று நான் சைக்கிளைத் தள்ளும்போது அஞ்சலை ஓடிவந்தாள்.

"அவரு போயிட்டாரா மாமா? ஒண்ணே ஒண்ணுதான் கேக்க நெனச்சேன். எங்கப்பாவ லோரியில ஏத்திச் சயாமுக்குக் கொண்டு போனாங்கல்ல, எப்ப திருப்பி விடுவாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்தானே?"

என் தம்பி என் பக்கத்தில் முழுசாக நின்றுகொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை.