சாலை நடுவில் ஒரு கைக்குட்டை

இந்தக் காலத்தில் துணிக்கு நீலம் போடுகிறவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன். சலவை இயந்திரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீலம் கரைத்து, ஆண்கள் வைத்துக்கொள்ளும் பெரிய வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை முக்கிப் பிழிந்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போடுகிறேன். கொஞ்சம் பழுப்புத் தட்டினாலும் ஆகாது. என் கணவர் கைக்குட்டை வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அது எனக்குத்தான். இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர் என் மாமனார். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்கிறது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைச் சாலையில் எங்கள் அடுக்குமாடி வீடு. மூன்றாம் மாடி. கீழே இறங்கிச் சாலையைக் கடந்தால் தேவாலயம். நடுவில் வரிக்கோடு போட்ட பாதசாரிக் கடப்பு ஒன்று இருக்கிறது. பகலில் அந்தச் சாலை சாது. விடிவதற்கு முன்னால்தான் அதன் சுபாவம் வேறு. காய்கறி லாரிகள், வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கிராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் லாரிகள், குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்ட டாக்சிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் பறக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் என் மாமியார் காலைப் பூசைக்குப் போவார். ஒரு நாள் தவறியதில்லை. அவருக்கு நடுப்பார்வை மங்கிப்போய்ப் பல காலம் ஆயிற்று. நேரே பார்த்தால் புகை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். முகத்தைப் பார்த்து ஆள் யாரென்று சொல்ல முடியாது. ஆனால் இருட்டில் வெள்ளையாக ஏதாவது அசைந்தால் கண்டுகொள்வார்.

கையைப் பிடித்து அழைத்துப் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் கையை நீட்டியும் விட்டேன். அத்தை தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "கையப் புடிச்சு நடந்தா, நாளைக்கே ஃபாதர் நன்மைய வீட்டுக்குக் கொண்டாந்துடுவாரு. நான் படுத்துட்டேன்னு கோயில்ல எல்லாரும் முடிவு கட்டிடுவாங்க." நோயாளிகளுக்குக் குருவானவர் வீடு தேடி வந்து நற்கருணை கொடுப்பது எங்கள் பங்கில் வழக்கம். அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பிறகு இறங்காது என்பது அத்தையின் பயம். அது வீண் பயம் என்றும் சொல்ல முடியாது. அப்படி ஏறிய இரண்டு மூன்று பேரை எனக்கே தெரியும்.

ஆகவே மாமா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அத்தை புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால், கோப்பி குடிக்கப் போகிறவர்போல அவர் கீழே இறங்குவார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையின் நடுவில் போய் நிற்பார். வண்டிகள் நின்றதும் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உதறி எடுத்து, கையை முழு நீளத்துக்கு உயர்த்திப் பிடிப்பார். ஆள் நல்ல உயரம் வேறு. நடைபாதையில் நிற்கும் அத்தைக்கு அந்த வெள்ளை தெரியும். உடனே நடக்கத் தொடங்குவார். கணவரைத் தாண்டும்போது முன்பின் தெரியாத ஆளைத் தாண்டுவதுபோலத் தாண்டுவார். ஒரு பேச்சு கிடையாது. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காப்பிக்கடைக்குப் போவார். பூசை முடியும் நேரத்தில் இதே நாடகம் எதிர்த்திசையில் நடக்கும். இதனால் ஏமாந்தவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லாரும் ஏமாந்ததுபோல இருந்தார்கள்.

எனக்குத்தான் மானம் போயிற்று. யாரோ இதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பிவிட்டார்கள். என் அலுவலகத் தோழி ஒருத்தி அதை எனக்கே அனுப்பி, இது உன் மாமனாரா என்று கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். வரிக்கோட்டில் ஆள் நின்றால் வண்டி நின்றாக வேண்டும், அது சட்டம், நீங்கள் நடுவில் நின்று வித்தை காட்ட வேண்டியதில்லை என்றேன். மாமா துறைமுகக் கிடங்கில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பேசினாலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் குறியாக இருப்பார். "சட்டம் அவனுக்குத் தெரியும்மா. அவன் தூக்கத்துலதானே ஓட்டுறான்," என்றார். கையோடு அன்றைய கைக்குட்டையை நீட்டி, வெள்ளை போதவில்லை, நீலம் குறைவாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாளியையே தூக்கி எறிந்திருப்பேன்.

பிறகு ஒரு மழை விடியலில் சரக்கு வேன் ஒன்று தாமதமாகப் பிரேக் போட்டது. மாமாவின் இன்னொரு கையில் இருந்த குடையின் கம்பிகள் வளைந்ததோடு போயிற்று. அத்தையிடம் காற்று என்று சொல்லிவிட்டார். எங்களிடம் மறைக்க முடியவில்லை. காற்றுக்குக் கம்பி அப்படி வளையாது. என் கணவர், இனிமேல் அம்மா கோயிலுக்குப் போக வேண்டாம், பூசையைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கட்டும் என்றார். மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. மாமா நெடுநேரம் வளைந்த கம்பிகளை நிமிர்த்திக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "உக்காந்து பூசை பார்க்க ஆரம்பிச்சான்னா அப்படியே உக்காந்துடுவா. அவ போகட்டும். அந்த வரிக்கோட்டுல நான் லைட்டுக்கு ஏற்பாடு பண்றேன்."

அன்று தொடங்கியது எங்களுக்குப் பிடித்த சனி. நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் மாலைகளில் முதல் ஆளாகப் போய் உட்காருவார். அங்கே இருந்த தொண்டூழியர்கள் அவரைக் கண்டதும், அங்கிள் இன்றைக்கும் லைட்டா என்று கேட்கும் அளவுக்கு ஆயிற்று. சம்பந்தப்பட்ட துறைக்கு மின்னஞ்சல் அடிப்பது என் வேலை. நான் சுருக்கமாக எழுதுவேன். அவர் பின்னால் நின்றுகொண்டு, தாழ்மையுடன் என்று போடு, மேலான கவனத்துக்கு என்று போடு என்பார். இவ்வளவு தாழ்மையைப் படித்து முடிப்பதற்குள் அவர்களுக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிடும் என்று நான் சொன்னால், கிராணி உத்தியோகத்தில் தான் எழுதிய கடிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பார். எங்களுக்கும் திரும்பித்தான் வரவில்லை. கருத்துக்கு நன்றி, ஆராய்ந்து வருகிறோம் என்ற பதில் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

ஒருமுறை நேரில் பார்வையிட வந்தார்கள். எப்போது என்கிறீர்கள்? மத்தியானம், நல்ல வெயிலில். சாலையில் ஒரு பூனை படுத்திருந்தது. ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட இளைஞர் ஒருவர் இருபுறமும் பார்த்துவிட்டு, போக்குவரத்து குறைவாக இருக்கிறதே என்று மரியாதையாகச் சொன்னார். மாமாவும் அதே மரியாதையோடு, விடியற்காலையில் வாருங்கள், கோப்பி என் கணக்கு என்றார். அந்த இளைஞர் சிரித்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் உண்மையிலேயே ஒரு விடியலில் தனியாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாராம். காப்பிக்கடைக்காரர்தான் சொன்னார்.

கடைசியில் ஒப்புதல் வந்தது. சூரிய சக்தியில் இயங்கும் மினுங்கு விளக்குகள், கடப்பின் இருபுறமும் பொருத்தப்படும் என்று கடிதம். பழைய தெருவைத் தோண்டி மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பதால்தான் சூரிய சக்தியாம். மாமா அந்தக் கடிதத்தோடு காப்பிக்கடையில் ஒவ்வொரு மேசையாகப் போனார். "வெயிலுக்கா பஞ்சம் நம்ம ஊர்ல? கரண்டு பில்லே கிடையாது லா," என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அன்று அவருக்குப் பாயாசம் வைத்துக் கொடுத்தேன். இனி மின்னஞ்சல் இல்லை, கைக்குட்டை இல்லை, நீலம் இல்லை என்ற சந்தோஷம் எனக்கு.

விளக்கு வந்தது. எப்போது வந்தது? தீபாவளி ஒளியூட்டு நேரத்தில். எங்கள் வட்டாரம் அந்த வாரங்களில் எப்படி இருக்கும் என்று சிங்கப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் எங்கள் கிளைச் சாலைக்கும் ஒரு தோரணம் கட்டினார்கள். பெரிய மயில். தோகை சாலையை முழுக்க மறைத்து விரிந்திருந்தது. அந்தத் தோகையின் நிழலில்தான் விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்த சூரியத் தகடு கிடந்தது. பகலெல்லாம் நிழல், பொழுது சாய்ந்தால் மயில் உடம்பு முழுக்க நூறு விளக்குகள் மினுங்க, நடுவில் எங்கள் விளக்கு ஒன்று பட்டினி கிடந்தவன்போல மெல்லக் கண் சிமிட்டியது. விடியற்காலையில் மயில் அணைந்த பிறகோ இதற்கும் உயிர் இருக்காது. கடப்பில் நிற்காமல் போன ஒரு டாக்சி ஓட்டுநரைக் காப்பிக்கடையில் பிடித்து மாமா விசாரித்தபோது, அதுவும் தீபாவளி அலங்காரம் என்று நினைத்தேன் என்றாராம்.

மாமா தோரணம் கட்டியவர்களிடம் போனார். எங்களிடம் அனுமதி இருக்கிறது என்றார்கள். விளக்கு போட்டவர்களுக்கு எழுதினோம். விளக்கு அனுமதித்த இடத்தில்தான் இருக்கிறது என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. மேலே ஒரு அனுமதி, கீழே ஒரு அனுமதி, இரண்டுக்கும் நடுவில் என் மாமனார் கைக்குட்டையோடு நின்றார். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. மயிலை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன்.

தீபாவளி முடிந்து மயிலை இறக்கினார்கள். வெயில் பட்டதும் விளக்கு நன்றாகவே வேலை செய்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது, லாரிகள் ஒழுங்காக நின்றன. ஆனால் மாமா கைக்குட்டையை விடவில்லை. மறுபடியும் அதே நடுச்சாலை, அதே கை. எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் லைட்டு வந்துடுச்சே மாமா, இன்னும் ஏன் அங்க போய் நிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அது வண்டிக்கும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பழகிய பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. பெட்டியில் கிடத்தியிருந்தபோது அத்தை ஒரு கைக்குட்டை கேட்டார். நான் எடுத்துக் கொடுத்ததைத் தடவிப் பார்த்து, நான்காக மடித்து, அவர் சட்டைப்பையில் வைத்தார். அதன் பிறகு அத்தை பூசைக்குப் போகவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமா சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பயம் வந்துவிட்டது.

ஒரு விடியலில் அவராகவே சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினார். நான் தோசை வாங்குகிற சாக்கில் பின்னால் இறங்கினேன். நடைபாதை ஓரத்தில் அத்தை நின்றார். விளக்கு பளிச்பளிச்சென்று மினுங்கியது. ஒரு டாக்சி அழகாக வந்து நின்றது. அத்தை நகரவில்லை.

"வண்டி நின்னுடுச்சு அத்தை. வாங்க போலாம்."

"எனக்கு எப்படித் தெரியும்? இது எப்பப் பாத்தாலும் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. வண்டி நின்னாலும் அடிக்குது, நிக்காட்டியும் அடிக்குது."

கையை நீட்டினேன். தட்டிவிட்டார். டாக்சிக்காரர் பார்த்துப் பார்த்துக் கிளம்பிப் போனார். அத்தை ஒரு நிமிடம் நின்றுவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பினார். அது வண்டிக்கும்மா என்று அந்த மனிதர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. இத்தனை பேர் ஆராய்ந்து, இத்தனை பேர் ஒப்புதல் கொடுத்து, வண்டிக்காரனுக்கு நில் என்று சொல்ல ஒரு விளக்கு கிடைத்தது. அத்தைக்குப் போ என்று சொல்ல ஒருவரும் இல்லை. இதை அன்றே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருந்தால் என்ன என்று மாமாவை மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே, இருங்க அத்தை என்று சொல்லிவிட்டு, நடுச்சாலைக்குப் போனேன். வேலையாட்களை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. கையில் தோசைக்குக் கொண்டுவந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பை இருந்தது. அதை உயர்த்திப் பிடித்தேன். லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அத்தை தலையை ஓரமாகச் சாய்த்து அந்த வெள்ளையைக் கண்டுபிடித்தார். நடந்தார். யாரோபோல என்னைத் தாண்டிப் போனார்.

அன்று மாலையே கைக்குட்டையும் நீலமும் வாங்கிவந்தேன். மறுநாள் விடியலில் வெளுத்த துணியோடு நடுவில் போய் நின்றேன். இருபுறமும் விளக்கு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் மாமாவிடம் ஒரு வார்த்தை பேசாத அத்தை, என்னைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பாமலே மெல்லச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் ஒசத்திப் புடி. அவரு ஒசரம்."

தோள் வலிக்கிறது. உயர்த்தித்தான் பிடிக்கிறேன்.