அரை அங்குல வயர்

“உதுக்குள்ள இருந்து கத்தினா ஆருக்குப் பிள்ளை கேக்கப் போகுது?”

அம்மா கேட்டது. அமெச்சூர் வானொலிக்கான அனுமதிப்பத்திரம் தபாலில் வந்த அன்று, மேசையில் இருந்த ரேடியோப் பெட்டியைப் பார்த்துக் கேட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை போன முதல் ஆள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, இப்போது பிள்ளைகளுக்கு இலத்திரனியல் படிப்பிக்கிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அம்மாவுக்கு அலைவரிசையைப் பற்றி என்ன சொல்லி விளங்கவைப்பது?

இதை இன்று எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கேள்வி சரியானது. ஆருக்கும் கேட்கவில்லை.

அமெச்சூர் வானொலி என்றால் பாட்டுப் போடுகிற நிலையம் இல்லை. பரீட்சை எழுதி, அனுமதி வாங்கி, வீட்டிலிருந்தே இன்னொரு வீட்டில் இருப்பவரோடு கதைப்பது. இடையில் போன் கோபுரம் இல்லை. இணையம் இல்லை. இங்கே ஒரு கம்பி, அங்கே ஒரு கம்பி... நடுவில் வெறும் காற்று.

எங்கள் பக்கத்தில் கூரைக்கு மேலே புதிதாக ஒரு கம்பி ஏறினால் என்ன நடக்கும் என்று வன்னி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். விசாரிக்க வந்த சீருடைக்காரர்களுக்கு மூன்று தடவை கதவைத் திறந்து காட்டியும் இருக்கிறேன்.

இவ்வளவு ஆக்கினைப்பட்டு இது எதற்கு?

ஒரு மாரியில் குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். முரசுமோட்டையில் றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. மாடுகளை மேட்டுக்குச் சாய்க்கப் போன அப்பா அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார். முதல் நாள் போன் வேலை செய்தது. இரண்டாம் நாள் கோபுரமும் செத்துவிட்டது. ஒன்றரை நாள் அம்மா வாசல் படலையில் நின்றார். சாப்பிடச் சொன்னால் “அவர் வரட்டும்” என்றார். அப்பா வந்தார், ஒரு மாடு குறைவாக. அன்றுதான் நான் முடிவெடுத்தேன் — எங்கள் ஊரிலிருந்து கோபுரம் தேவைப்படாத ஒரு குரல் வெளியே போகவேண்டும்.

மாரிக்கு முன்னர் எங்களைப் போன்றவர்களுக்குச் சில மாத இடைவெளியில் மூன்று ஒத்திகை நடக்கும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மலைநாட்டில் இருக்கும் ஓர் ஐயா ஒவ்வொரு மாவட்டமாகக் கூப்பிடுவார். அவரை நான் நேரில் கண்டதில்லை. குரலை மட்டும் தெரியும். தெளிவாகக் கேட்கிற நிலையங்களை மழைக்காலப் பட்டியலில் சேர்ப்பார். வெள்ளம் வந்தால் அந்த நிலையங்கள் சொல்வதை வைத்துத்தான் மற்றவர்கள் ஓடுவார்கள்.

என் பெட்டியின் சக்தி நூறு வாட்ஸ். இந்த வருட முதல் ஒத்திகையில் அவர் சொன்னது இது:

“கிளிநொச்சி இருக்குன்னு தெரியுது தங்கச்சி. என்ன சொல்றீங்கன்னுதான் விளங்கல.”

இரண்டாம் ஒத்திகையிலும் அதேதான். கிளிநொச்சி இருக்கிறது. சொல்வது விளங்கவில்லை. இந்த வசனத்தை எங்கள் ஊரவர்கள் வேறு இடங்களிலும் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி ஒத்திகையிலும் இப்படியே என்றால், வவுனியாவில் இருக்கும் ஒருவர் கிளிநொச்சியையும் சேர்த்துப் பார்ப்பார் என்றார் ஐயா. வவுனியாக்காரர் நல்லவர். ஆனால் எங்கள் றோட்டில் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கிறதா இடுப்புக்கு நிற்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கம்பியை இன்னும் உயர்த்தலாம்தான். உயர உயரக் கேள்விகளும் உயரும். எனவே அம்பிளிபயர்.

அம்பிளிபயர் என்றதும் ஊருக்கு வேறு படம்தான் தெரியும். அதற்கான சாமான்கள் வந்த கிழமையே கோயில் நிர்வாகத்தில் இருந்து ஒருவர் வந்து, திருவிழாவுக்குத் தருவீர்களா, எத்தனை லவுட்ஸ்பீக்கர் கொளுவலாம் என்று விசாரித்துவிட்டுப் போனார். இது பாட்டுக்கு இல்லை என்று சொன்னேன். பிறகு எதற்கு என்றார்.

இது பழைய கண்ணாடி வால்வு இல்லாத வகை. டிரான்சிஸ்டரில் ஓடுவது. ரேடியோ தருகிற சக்தியை வாங்கி, அனுமதித்த எல்லைக்குள் பல மடங்காக்கி அன்ரனாவுக்கு அனுப்பும். சுற்றுப் பலகையும் டிரான்சிஸ்டரும் கடல் கடந்து வந்தன. சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டி, ஃபேன், பெட்டி எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். நாலு மாதம். அலுமினியக் கட்டியைத் தொட்டுப் பார்த்த அப்பா, “அடுப்பே பிள்ளை செய்யிறாய்? தேத்தண்ணி வைக்கலாம் போல” என்றார்.

வால்வுப் பெட்டிகள் பழைய ஆட்கள் மாதிரி. சூடேற நேரம் எடுக்கும். பிழை விட்டால் சிவந்து, முறைத்து, எச்சரித்துத்தான் போகும். டிரான்சிஸ்டர் அப்படி இல்லை. சுவிட்சைப் போட்டவுடன் தயார். சாவதற்கும் அதே வேகத்தில் தயார். அன்ரனா சரியாக இணைந்திருக்காவிட்டால், அனுப்பிய சக்தி போக வழியில்லாமல் திரும்பி வந்து டிரான்சிஸ்டரையே அடிக்கும். அதனால்தான் உள்ளே ஒரு காவல் சுற்று இருக்கிறது. திரும்பி வருகிற சக்தி அளவு மீறினால் டக்கென்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

அந்தக் காவல் சுற்று என்னைப் பாடாய்ப் படுத்தியது. என் கம்பி ஒரு பனையிலிருந்து ஒரு வேம்புக்குப் போகிறது. காற்றடித்து ஈரமான ஓலை கம்பியில் முட்டினால் போதும் — கட். நான் வாக்கியத்தின் நடுவில் இருப்பேன். கட். சோதித்துப் பார்த்த நாட்களில் ஏழெட்டுத் தரம்.

கடைசி ஒத்திகைக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகமுன் மூடியைத் திறந்தேன். காவல் சுற்று வேலை செய்யாதபடி இரண்டு புள்ளிகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்து ஒட்டினேன். அரை அங்குலம் வராது. ஒத்திகை முடியக் கழற்றிவிடலாம். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? படிப்பிக்கிற ஆள் இல்லையா நான்?

அன்று பின்னேரம் இடி முழங்கியது.

இடி முழங்கினால் எங்கள் வீடுகளில் என்ன செய்வார்கள்? ரீவி அன்ரனா வயரை இழுத்துக் கழற்றுவார்கள். ஃபேன் பிளக், பிரிட்ஜ் பிளக், சார்ஜர் எல்லாம் கழலும். அம்மா இதில் மகா கெட்டிக்காரி. மழை வேம்படிக்கு வரமுன் வீட்டில் ஒரு வயரும் சுவரில் இராது. நான் வேலையில் இருந்தேன். அம்மா வழமைபோல எல்லாவற்றையும் கழற்றினார். என் மேசைக்கும் வந்தார். அம்பிளிபயரின் பின்பக்கத்தில் அன்ரனாவுக்குப் போகும் தடித்த வயர் ஒன்று இருக்கும். அதன் தலையில் திருகு வளையம். சுற்றிக் கழற்றி, சுவர்ப்பக்கம் எறிந்துவிட்டார். நான் செய்ய மறந்த வேலை அது. அதை அவர் செய்தார்.

மழை விட்டபிறகு எல்லாவற்றையும் திரும்பக் கொளுவினார். ரீவி வயர் தள்ளினால் போய் இருக்கும். இதையும் தள்ளினார். போய் இருந்தது. வளையத்தைச் சுற்றவில்லை. சுற்றவேண்டும் என்று அவருக்கு ஆர் சொன்னார்கள்?

சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு ரேடியோவைப் போட்டேன். எல்லாருடைய குரலும் கேட்டது. அப்படித்தான் கேட்கும் — தளர்ந்த இணைப்பும் கேட்பதற்குப் போதும். பேசுவதற்குத்தான் போதாது. குறைந்த சக்தியில் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் அம்பிளிபயரைப் போடவேண்டும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். அன்று சோதிக்கவில்லை. ஐயா மாவட்டங்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். “கிளிநொச்சி” என்றார். நான் பொத்தானை அழுத்தி, “காலை வணக்கம்” என்று தொடங்கினேன்.

சத்தம் இல்லை. புகை இல்லை. மீற்றர் முள் ஒருமுறை ஏறியது. விழுந்தது. எரிந்த பிளாஸ்டிக் மணம் மெல்லியதாக. ஃபேன் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் கையை விட்டேன். வளையம் தொளதொளவென்று ஆடியது. இறுக்கிவிட்டு, அம்பிளிபயரை விலக்கி, அதே பழைய நூறு வாட்ஸில் திரும்பக் கூப்பிட்டேன். ஐயா இரண்டு தரம் பொறுமையாகக் கேட்டார்.

“கிளிநொச்சி இருக்குன்னு தெரியுது தங்கச்சி...” மிச்சத்தைச் சொல்லாமல் நிறுத்தினார். பிறகு வவுனியாவைக் கூப்பிட்டு, இந்த மாரிக்குக் கிளிநொச்சியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன்.

“ஆர் என்ர வயரைத் தொட்டது?”

“இடி முழங்கினது பிள்ளை. நான்தான் கழட்டினனான். பிறகு கொளுவியும் விட்டனான். ஏன்?”

“தெரியாத சாமானை ஏனம்மா தொடுறியள்?”

அம்மா கையில் இருந்த அகப்பையை வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

“ஓம்,” என்றார். “எனக்கு என்ன தெரியும்.”

அன்று மத்தியானம் மூடியைத் திறந்தேன். டிரான்சிஸ்டரின் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அதற்கு நாலு விரல் தள்ளி என் வயர்த் துண்டு, புத்தம் புதிதாக, ஒரு கீறல்கூட இல்லாமல். அது அங்கே இல்லாதிருந்தால், வளையம் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் காவல் சுற்று ஒரு கணத்தில் நிறுத்தியிருக்கும். அம்மா கழற்றாதிருந்தால் இடிக்கு எல்லாமே போயிருக்கலாம். கொன்றது நான். திட்டு வாங்கியது அம்மா.

உடனே போய்ச் சொன்னேன் என்றா நினைக்கிறீர்கள்? பதினாறு நாள் சொல்லவில்லை. படித்தவர்களுக்குப் பிழையை ஒத்துக்கொள்வது ஏன் இவ்வளவு கஷ்டம்? தெரியும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்துவிட்டோம். தெரியாது என்று சொல்ல நாக்குப் பழகவில்லை.

மாற்று டிரான்சிஸ்டர் ஒன்று தேடிப் பிடித்து எடுப்பித்தேன். மேலே எழுத்தெல்லாம் அச்சொட்டாக இருந்தது. மேசையில் வைத்து அளந்தால், உள்ளே வேறு ஏதோ. போலி. இந்த மாரிக்குள் இன்னொன்று வராது.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்கமுடியாதது வேறு.

போன செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வரும்போது நல்ல இடி. வீட்டுக்குள் வந்தால் ரீவி வயர் அப்படியே இருந்தது. பிரிட்ஜ் பிளக் சுவரில். ஃபேன் சுற்றுகிறது. என் ரேடியோ வயரும் அப்படியே. அம்மா நடுவீட்டில் கதிரையில், கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வெளியே மின்னல் வெட்டும்போதெல்லாம் ரீவியைப் பார்க்கிறார். எழும்பவில்லை.

“அம்மா, கழட்டேல்லையே?”

“எனக்கு உதெல்லாம் தெரியாது பிள்ளை. நீ வந்து கழட்டுவாய்தானே எண்டு இருந்தனான்.”

ஒவ்வொன்றாக நானே கழற்றினேன். பிறகு அந்த வயர்த் துண்டைக் கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். காவல் சுற்று என்ன செய்யும், நான் அதை ஏன் நிறுத்தினேன், வளையத்தை ஏன் சுற்றவேண்டும்... எல்லாம். அவருக்கு இதை விளங்கப்படுத்த நாலு நிமிடம் போதுமாக இருந்தது. அனுமதிப்பத்திரம் வந்த நாளிலிருந்து ஐந்து வருடமாக அந்த நாலு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

அம்மா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உது காவல் எண்டுறாய். பிறகேன் மறிச்சனி?”

“கதைக்கேக்க குறுக்க குறுக்க நிக்குதம்மா.”

“காவல் எண்டால் குறுக்கதானே நிக்கும்.”

சொல்லிவிட்டு வயர்த் துண்டை என் கையில் தந்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பிழையில்லை என்று ஒரு சொல் சொல்வார் என்று கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

புதன்கிழமை நகப்பூச்சு எடுத்து, வளையத்தை இறுக்கி, அதன்மேலும் பெட்டிமேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டேன். இரண்டு துண்டுக் கோடும் நேராக வந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம். எழுத்து வாசிக்கத் தேவையில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வந்து பார்த்தார். “வடிவா இருக்கு” என்றார். தொடவில்லை. வியாழனும் இடி. அன்றும் தொடவில்லை.

அம்பிளிபயர் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, துணி போர்த்தி. அதில் ஒரு பல்லி குடியேறியிருக்கிறது என்று அப்பா சொல்கிறார். திருவிழாவுக்குக் கேட்ட ஆள் மறுபடி கேட்டால் கொடுத்துவிடுவேனோ தெரியாது.

மலைநாட்டு ஐயாவுக்கு நேற்றுக் கடிதம் போட்டேன். வயர்த் துண்டைப் பற்றி ஒளிக்காமல் எழுதினேன். பட்டியலில் என்னைப் போடவேண்டாம், ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்பது மணிக்குக் கிளிநொச்சியைக் கூப்பிடுங்கள், அம்பிளிபயர் இல்லாமல் நூறு வாட்ஸில் வருவேன் என்று கேட்டிருக்கிறேன்.

சொல்வது விளங்காவிட்டால் போகட்டும்... இருக்கிறோம் என்பதாவது கேட்கட்டுமே.