புரவி என்றால் குதிரை

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். வைத்தவள் நான்தான். பேக்கிங்கில் என் பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டுகிறவள். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவள் என்பதால் சூப்பர்வைசர் வேலை அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அவளிடம் வேலை பழகிய பெண்களே மேலே போய் அவளை அதட்டினார்கள். ரோஷம் வந்து, பள்ளி இறுதித் தேர்வைத் தனியாக எழுதப் பெயர் கொடுத்துவிட்டாள்.

மற்ற பாடங்களை எப்படியோ சமாளித்தாள். தமிழில் ஒரு பழைய நாவல் பாடமாம். அதுதான் அவளை மிரட்டியது. பழைய புத்தகக் கடையில் ஒன்றை வாங்கிவந்தாள். பாதிச் சொற்கள் யாரும் பேசாத சொற்கள். கடைசிப் பக்கங்களில் அர்த்தம் போட்டிருந்தது. அதைத் தலைகீழாக மனப்பாடம் செய்வது என்று இறங்கிவிட்டாள். வேலை நேரத்தில் புத்தகம் கூடாது. அதனால் அட்டைப்பெட்டியின் உள்மடிப்பில் எழுதிப் பார்த்துவிட்டு ஒட்டி அனுப்புவாள். எந்த ஊர்க் கடைக்காரன் பெட்டியைப் பிரித்து 'மருட்சி – அச்சம்' என்று படித்து முழித்தானோ!

ஒருநாள் சூப்பர்வைசர் பிடித்துவிட்டாள்.

"யாரு இது, பெட்டிக்குள்ள கவிதை எழுதுறது?"

"கவிதை இல்ல மேடம், பாடம்."

லைனே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் எழுதுவதை விடவில்லை.

அந்த வருடம் அவள் மகளும் பள்ளியில் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனால் பார்க்கலாம். அம்மா பாத்திரம் துலக்குவாள். மகள் பழைய புத்தகத்தை மடியில் வைத்துக் கேட்பாள்.

"புரவி?"

"குதிரை."

"மருட்சி?"

"பயம்."

"பயம்னு எழுதினா மார்க் குறைப்பாங்கம்மா. அச்சம்னு எழுது."

எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் மகள் என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதோடு சரி.

தமிழ்த் தேர்வன்று லீவு போட்டுவிட்டு, அம்மாவும் மகளும் தேர்வு எழுதிய பள்ளியின் வாசலில் நின்றேன். அகராதி முகம் செத்துப்போய் வெளியே வந்தாள்.

"நாவலை மாத்திட்டாங்களாம். இந்த வருஷம் வேறயாம். கேள்வியில வந்த ஒரு ஆளையும் எனக்குத் தெரியல."

வீட்டிலேயே அதே வகுப்புப் பெண் இருக்கும்போது வேறு யாரிடம் போய் விசாரிப்பாள்?

பின்னாலேயே மகள் வந்தாள். தோழிகளோடு அந்தப் புது நாவலின் முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று நான்தான் கேட்டேன்.

"ஸ்கூல் திறந்தப்பவே." தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா என் புக்கைத்தான் கேட்பாங்க, ஆன்ட்டி. வீட்ல இருக்கிறது ஒண்ணு. நான் எதை வச்சுப் படிக்கிறது?"

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். பெற்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டவில்லை.

"தினமும் நீதானடி வார்த்தை கேட்டே?" என்றாள்.

மகள் பாஸ். அம்மா தமிழில் பெயில். புதிதாக வந்த இன்னொருத்தி சூப்பர்வைசர் ஆகிவிட்டாள்.

அடுத்த வருடம் மகள் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"நான் வார்த்தை கேக்கட்டுமாம்மா?"

அகராதி தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"வேணாம். புரவின்னா குதிரை. நீ சொல்லிக்குடுத்தது. எனக்கு அது போதும்."