இறால் ஓட்டிலிருந்து ஒரு தோல்

புண்ணை ஆற்றும் படலம் செய்கிற ஆராய்ச்சியில் பாதி நாள், நான் செய்வது சமையல் இல்லை என்று ஊருக்குப் புரியவைப்பதிலேயே போய்விடும். இறால் ஓட்டிலிருந்து ஒரு பொருள், ஆட்டுத்தோலிலிருந்து ஒரு பொருள். இரண்டையும் கரைத்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடித்தாள் மாதிரி உரிந்து வரும். புண்ணில் ஒட்டினால் அடியில் புதுத்தோல் வளரும். இரண்டாயிரத்து மூன்றில் திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் இதற்காகச் சேர்ந்தேன். முனைவர் பட்டத்துக்கு அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஓடு மட்டும்

நாகல் நகரில் மீன் விற்கும் அக்காவிடம் சனிக்கிழமைதோறும் போய் நிற்பேன். இறால் வேண்டாம், உரித்துப் போட்ட ஓடு மட்டும் போதும் என்பேன். ஆராய்ச்சிக்கு என்று சொல்லிப் பார்த்தேன். சரி சரி என்று தலையாட்டுவார். ஐந்தாவது வாரம், பையில் ஓட்டுக்கு அடியில் இரண்டு கைப்பிடி முழு இறால் கிடந்தது. தவறி விழுந்திருக்கும் என்று திருப்பிக் கொடுத்தேன். அக்கா என்னை ஓரமாகக் கூட்டிப்போய், யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"கூச்சப்படாத தாயி. வெறும் ஓட்டப் போட்டு எம்புட்டு நாளைக்குத்தான் குழம்பு வைப்ப?"

பாயின் சந்தேகம்

தோல் ஷாப் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலையில் பதனிடுமுன் வெட்டி எறியும் துண்டுகளை எனக்கு எடுத்துவைப்பவர் மேஸ்திரி இப்ராகிம் பாய். எதற்கு என்று அவர் ஒருநாள் கேட்க, மனிதத்தோல் வளர்ப்பதற்கு என்றேன்.  பாய் தொப்பியைக் கழற்றி, பளபளவென்றிருந்த உச்சந்தலையைக் குனிந்து காட்டினார்.

"ஆட்டுத்தோல்ல முடி இருக்குல்லம்மா? அதோட சேத்து ஒட்ட முடியுமான்னு பாரேன்."

ரேசன் கார்டு

ஆய்வகத்தில் உதவிக்கு இருந்தவர் சவரிமுத்து அண்ணன். நான் காயவைத்திருந்த படலத்தில் பெரியதாக ஒன்றைக் கண்ணாடித்தாள் என்று நினைத்து எடுத்துப்போய், ரேசன் கார்டுக்கு உறை போட்டுவிட்டார். மறுநாள் மழை. நனைந்த படலம் ஊறி, பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. கடையில் ஆளாளுக்குப் பிரிக்கப் பார்த்து முடியாமல், சீனி இல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அண்ணன் கார்டை என் மேஜையில் வைத்தார்.

"புண்ணுல ஒட்டுமான்னு கவலப்பட்டியே பாப்பா, இனி கவலப்படாத."

எலிகள்

கடைசிக் கட்டம் எலிகள். ஆய்வேடு கொடுக்க மூன்றாவது தடவையாகக் கெடு நீட்டித்திருந்தார்கள். இதுவும் தவறினால் பதிவு ரத்து. மயக்க மருந்து கொடுத்து, முதுகில் சின்னக் காயம் போட்டு, படலம் ஒட்டி, கூண்டில் விட்டேன். காலையில் பார்த்தால் ஒரு முதுகிலும் படலம் இல்லை. ஒன்றன் முதுகிலிருந்ததை மற்றொன்று பிய்த்துத் தின்றிருக்கிறது. அழுதுகொண்டே என் நெறியாளர் மேடத்திடம் ஓடினேன். அவர் கூண்டை எட்டிப் பார்த்தார்.

"ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கலையே. அம்புட்டு ருசியாவா செஞ்ச?"

மறுபடியும் எலிகள்

இந்த முறை புது எலிகள், ஆளுக்கொரு கூண்டு, படலத்தின் மேல் கட்டு. தினமும் பார்த்துப் பார்த்துக் குறித்தேன். ஒருநாள் கட்டைப் பிரித்தால் காயம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்!  சவரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் படலம் ஒட்டாமல் விட்டிருந்த எலிகளுக்கு ஆற இன்னும் நாலு நாள் பிடித்தது. அந்த நாலு நாள்தான் என் ஆய்வேடு. அவையும் ஆறிய அன்று, அண்ணன் மட்டும் படலம் ஒட்டாத எலியின் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாப்பா, ஒட்டாததுக்கும் ஆறிருச்சே, செத்த நேரம் பொறுத்திருந்தா ஆகாதா?"

ஒருவழியாகப் பட்டம் வாங்கிவிட்டேன், நான் ஆற்றிய காயங்கள் அத்தனையும் நானே போட்டவை என்றாலும்.